மலிவுக் கைத்துப்பாக்கியும் அரும்பொருள் மதிப்பும்

கோலாலம்பூர் ஏரிப் பூங்காவை அடுத்துள்ள போலீஸ் அரும்பொருளகத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஒரு கேள்விக்கு விடை சொல்ல ஆயத்தமாகப் போவது நல்லது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் துப்பாக்கிகளைக் கண்டவுடன் சிறுவர்கள், யார் சுட்டார், எப்போது சுட்டார் என்று கேட்பதில்லை. “ஐயா, இது என்ன விலை?” என்றுதான் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் அவ்வாறு கேட்டபோது, “காட்சிப் பொருளுக்கு விலை கிடையாதப்பா” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அவன் விடவில்லை. “செய்தபோது விலை இருந்திருக்குமே, ஐயா?” என்றான்.

இருந்திருக்கும். பலவற்றின் விலை சொற்பமாகவும் இருந்திருக்கும். படைக்கும் போலீசுக்கும் ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் செய்து குவித்தவை அவை. உலகச் சந்தையில் நெடுங்காலம் பழைய இரும்பாகவே மதிக்கப்பட்டவை. அவற்றுள் சில இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அரும்பொருளாகிவிட்டன. வேறு சில அன்று கிடந்தவாறே இன்றும் கிடக்கின்றன. இந்த வேறுபாடு எதனால் நேர்கிறது என்பதே அம்மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை. விலை வேறு, மதிப்பு வேறு என்பதை விளக்கப் பழைய நாணயமும் அஞ்சல்தலையும் உதவும். ஆயினும் கைத்துப்பாக்கிக்கு அவற்றிற்கில்லாத ஒரு தனித்தன்மை உண்டு. தொழிற்சாலையில் செய்யப்படும் ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் பொறிக்கப்படுகிறது. இலட்சத்தில் ஒன்றையும் பெயர் சொல்லி அழைப்பதுபோல் அவ்வெண்ணால் அழைக்கலாம்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து வந்தது என்பர் அகராதியார். ஆனால் அதன் உறுப்புகளுக்கு நம்மவர் தமிழிலேயே பெயரிட்டனர். குண்டு செல்வது குழல். விரலால் இழுப்பது விசை. பின்னிருந்து பாய்ந்து தோட்டாவை அடிப்பது குதிரை. ‘துப்பாக்கிக் குதிரை’ என்ற வழக்கை அறியாத இளைஞர், பழைய நூல்களில் ‘குதிரையைப் பின்னிழுத்து’ என்று படித்துவிட்டு மயங்குவதைக் கண்டிருக்கிறேன். கைத்துப்பாக்கியில் இரு பெரும் வகை உண்டு. உருளையில் ஐந்தோ ஆறோ தோட்டா இட்டு, விசையை இழுக்குந்தோறும் உருளை சுழல்வது ரிவால்வர். சுழல் துப்பாக்கி என்றும் சொல்லலாம். கைப்பிடிக்குள் தோட்டாப் பெட்டியைச் செருகி, வெடிப்பின் விசையாலேயே அடுத்த தோட்டா தானே மேலேறுவது பிஸ்டல். முன்னது எளிது, எதையும் தாங்கும். பின்னது விரைவு, ஆனால் நுட்பமிகுந்தது.

மலாயாவில் பிரித்தானியர் காலத்தில் அதிகமாகப் புழங்கியது ரிவால்வரே. அவற்றுள் பெயர் பெற்றவை பர்மிங்ஹாம் நகரத்து வெப்லி கம்பெனியின் செய்பொருள்கள். 1887இல் பிரித்தானியப் படை வெப்லியை ஏற்றுக்கொண்டது. அதன் அமைப்பைப் பாக்குவெட்டியைக் கொண்டு விளக்கலாம். பாக்குவெட்டியின் இரு கைகளும் ஒரு முனையில் ஆணியால் இணைந்திருப்பதுபோல், வெப்லியின் குழலும் பிடியும் கீழே ஓர் ஆணியில் இணைந்துள்ளன. மேலுள்ள தாழை நீக்கிக் குழலைக் கீழ்நோக்கி மடக்கினால் துப்பாக்கி வாய் திறக்கிறது; திறக்கும்போதே உருளையின் நடுவிலுள்ள நட்சத்திர வடிவான தகடு எழும்பி, சுட்டு முடிந்த ஆறு உறைகளையும் ஒருசேர வெளியே தள்ளுகிறது. குதிரை மேல் அமர்ந்து கடிவாளத்தை ஒரு கையில் பிடித்தவனுக்கும் இது ஏற்றது. (இங்கே சொன்ன குதிரை, புல் தின்னும் குதிரை.)

முதல் உலகப் போருக்குப் பின் கனமான வெப்லிக்குப் பதிலாக .38 அளவில் இலகுவான ஒன்றைப் படையினர் விரும்பினர். வெப்லி கம்பெனியார் மாதிரி செய்து கொடுத்தனர். அரசாங்கமோ அதைப் பார்த்துவிட்டு, தன் என்பீல்டு தொழிற்சாலையிலேயே ஏறக்குறைய அதே வடிவில் வேறொன்றைச் செய்துகொண்டு, 1932இல் அதைப் படைக்கு எடுத்துக்கொண்டது. அதுதான் என்பீல்டு 2ஆம் எண் ரிவால்வர். கம்பெனியார் 2,250 பவுன் கேட்டு வழக்காடினர். வடிவமைத்தவர் தம் அதிகாரியாகிய கேப்டன் பாய்ஸ் என்று அரசாங்கத் தரப்பு சாதித்தது. வழக்கு தோற்றது, பின்னர் கண்டுபிடிப்பாளர்க்குப் பரிசு வழங்கும் அரச ஆணையம் 1,250 பவுன் கொடுத்தது. காலம் செய்த வேடிக்கை என்னவெனில், இரண்டாம் உலகப் போர் மூண்டபோது என்பீல்டின் உற்பத்தி போதவில்லை. அதே கம்பெனியிடம் போய், எந்த மாதிரியை வேண்டாமென்றார்களோ அதையே ஆயிரக்கணக்கில் வாங்க நேர்ந்தது.

என்பீல்டு ரிவால்வரைப் படைவீரர் விரும்பியதாகத் தெரியவில்லை. டாங்கிகளுக்குள் ஏறியிறங்கும்போது அதன் குதிரையின் வால் எதிலாவது சிக்கிக்கொள்கிறது என்று குறை கூறினர். 1938 முதல் அவ்வாலை வெட்டிவிட்டுச் செய்தனர். முன் செய்தவற்றையும் பழுதுபார்க்க வந்தபோதெல்லாம் வாலை வெட்டியே திருப்பி அனுப்பினர். வால் இல்லையேல் குதிரையைக் கட்டைவிரலால் பின்னிழுத்து நிதானமாகக் குறிபார்க்க இயலாது. விசையையே வலிந்து இழுக்க வேண்டும். ஆகவே குறி தவறுகிறது என்று மீண்டும் குறை. 1942இல் செலவைச் சுருக்க, குதிரை தவறி விழுந்து வெடிப்பதைத் தடுக்கும் ஒரு சிறு உறுப்பையும் விட்டுவிட்டனர். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடிய துப்பாக்கியை யார் இடுப்பில் கட்டுவார்? போருக்குப் பின் அவற்றைத் திரும்ப அழைத்து அவ்வுறுப்பைப் பொருத்தினர். 1957 வரை உற்பத்தி நடந்தது. பின்னர் உலகெங்கும் மிச்சச் சரக்காக மலிந்தது.

இனி அரும்பொருள் ஆராய்ச்சிக்கு வருவோம். இன்று அந்த என்பீல்டுகளுள் சேகரிப்பாளர் தேடுவது எதை? வால் வெட்டப்படாத 1930களின் உருப்படியை. அதைவிட அரிதாக, திரும்ப அழைத்தபோது அகப்படாமல் தப்பிய 1942 வகையை. நன்றாகச் செய்தவை ஏராளம். திருத்தப்படாத குறையுடையவை கொஞ்சம். ஏடு படிப்போர்க்கு இது புதிதன்று. பிழையோடு அச்சாகிய முதற்பதிப்பைத் திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிட்டால், திரும்பாத அந்தப் பிழைப் படிக்குத்தானே நூல் சேர்ப்போர் போட்டியிடுவர்?

நமக்கு அண்மையிலும் ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. சிங்கப்பூர்ப் போலீசார் 1930கள் முதல் .38 வெப்லிகளைப் பயன்படுத்தினர். சுழல் துப்பாக்கியில் பெரும்பாலும் காணப்படாத ஒரு பாதுகாப்புத் தாழை அவற்றில் கேட்டுப் பொருத்தி வாங்கினர். 1970களில் அவை பழுதாக ஆகப் படிப்படியாய் நீக்கப்பட்டன. அமெரிக்க ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர் அவற்றின் இடத்தைப் பிடித்தது. நீக்கப்பட்ட காலத்தில் அவை பழைய போலீஸ் சாமான். இன்றோ அத்தாழும் போலீஸ் முத்திரையும் சேர்ந்து அவற்றைத் தனி வகையாக்கிவிட்டன. பொதுவான வெப்லி ஒன்றோடு ஒன்று ஒத்தது. இவ்வகை ஓர் ஊரைச் சொல்கிறது.

மலாயாவில் 1942 தொடக்கத்தில் ஆட்சி மாறியபோது ஜப்பானியர் கொண்டுவந்த கைத்துப்பாக்கிகளும் இங்கே புழக்கத்துக்கு வந்தன. அவற்றை வடிவமைத்தவர் நம்பு கிஜிரோ என்ற படை அதிகாரி. அவற்றின் பெயரே ஒரு கணக்கு. ‘14ஆம் ஆண்டு வகை’ என்பது தைஷோ மன்னரின் 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1925. ‘94ஆம் வகை’ என்பதிலோ ஆட்சியாண்டு இல்லை. ஜப்பானியர் தம் பேரரசின் தொடக்கத்திலிருந்து எண்ணும் 2594ஆம் ஆண்டின் கடைசி இரு இலக்கம், அதாவது 1934. சக ஆண்டையும் திருவள்ளுவர் ஆண்டையும் கிறித்துவ ஆண்டோடு இணைத்துப் பார்க்கும் நமக்கு இக்கணக்கு கடினமன்று.

இந்த 94ஆம் வகை பிஸ்டலை உலகிலேயே மட்டமான படைத் துப்பாக்கி என்று ஆயுத நூலோர் பலர் எழுதினர். காரணம் உண்டு. விசைக்கும் குதிரைக்கும் நடுவே நின்று அதைத் தடுத்து வைத்திருக்கும் நீண்ட தகடு, பெரும்பாலான துப்பாக்கிகளில் உள்ளே மறைந்திருக்க, இதில் வெளிப்பக்கத்தில் திறந்து கிடக்கிறது. ஆயத்த நிலையில் அதைப் பக்கவாட்டில் அழுத்தினாலே சுட்டுவிடும். விமானிகளுக்கும் டாங்கிப் படையினருக்கும் சிறியதாக வேண்டுமென்று செய்யப்பட்டது. எழுபதாயிரத்துச் சொச்சம் வெளிவந்தன. போரின் முடிவு நெருங்க நெருங்க அவற்றின் வேலைப்பாடு சீர்குலைந்தது. அரம் தேய்த்த கீறல் மறையவில்லை. பிடிக்கு வெறும் மரத்துண்டை அறைந்தார்கள். 1945ஆம் ஆண்டின் அந்த முரட்டு உருப்படி தோற்கும் ஒரு நாட்டின் நிலையைச் சொல்லாமல் சொல்கிறது. இன்று அதை விரும்பித் தேடுவோர் உளர். மட்டம் என்று தூற்றப்பட்ட பெயரே அதற்கு விளம்பரமாயிற்று என்பது என் எண்ணம்.

நம்புவின் மற்ற பிஸ்டலுக்கு அமெரிக்காவில் ஒரு வழித்தோன்றல் உண்டு. போரிலிருந்து திரும்பிய படைவீரர் ஒருவர் கொண்டுவந்த நம்புவை வாங்கிய வில்லியம் ரூகர் என்பவர், அதன் அமைப்பைத் தம் வீட்டுப் பட்டறையில் ஆராய்ந்தார். நண்பர் அலெக்சாண்டர் ஸ்டர்ம் 50,000 டாலர் முதலீடு செய்ய, இருவரும் 1949இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு தொழிலைத் தொடங்கினர். அவர்களின் .22 அளவுப் பிஸ்டல் நம்புவின் சாயலை உடையது. அதன் உடல் கடைந்தெடுத்த எஃகன்று, தகட்டை அழுத்தி இரு பாதியாய்ச் செய்து பற்றவைத்தது. அதனால் விலை 37 டாலர் 50 காசு மட்டுமே. ‘மலிவாயிருந்தும் நன்றாய்ச் சுடும்’ என்ற பெயருடன் அது பரவியது. கைப்பிடியில் சிவப்புக் கழுகுச் சின்னம் இருந்தது. 1951இல் ஸ்டர்ம் இளமையிலேயே இறந்துபோக, துக்கக் குறியாகக் கழுகைக் கறுப்பாக்கினார் ரூகர். தகரக் குறி விளையாட்டுக்குச் சிறுவர்க்கு வாங்கிக் கொடுத்த அந்த மலிவுத் துப்பாக்கியில், சிவப்புக் கழுகு உள்ளது இன்று தனி விலை பெறுகிறது. இரும்பிலும் வேலைப்பாட்டிலும் வேறுபாடு இல்லை. நிறம் ஒன்றே வேறுபாடு.

ஆகவே மலிவு, அரிதாதற்குத் தடையன்று; பல வேளைகளில் அதுவே வழி. விலையுயர்ந்த பொருளை உடையவன் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறான். அது கெடாமல் எஞ்சுகிறது, எஞ்சியது பலவாகிறது. மலிவானதை எவரும் காப்பதில்லை. துருப்பிடிக்கிறது, உறுப்பு கழற்றப்படுகிறது, உருக்கப்படுகிறது. நாற்பது ஐம்பது ஆண்டு கழித்துத் தேடினால் நல்ல நிலையில் உள்ளது விரல்விட்டு எண்ணத்தக்கதாகிறது.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. ஸ்பெயின் நாட்டு எய்பார் நகரம் கைத்துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போனது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைக்காக ‘ரூபி’ என்ற சிறு பிஸ்டலை அங்கே பற்பல பட்டறைகள் இலட்சக்கணக்கில் செய்து தள்ளின. ஒரு பட்டறையின் தோட்டாப் பெட்டி மற்றொரு பட்டறையின் துப்பாக்கியில் சேராது. பட்டறைக்குரிய எழுத்தை அடியில் பொறித்து அடையாளம் வைக்கவேண்டியதாயிற்று. நூறாண்டு கடந்தும் ரூபிக்குப் பெருமதிப்பு ஏற்படவில்லை. பழமை மட்டும் ஒன்றை அரும்பொருளாக்காது. அதே எய்பார் நகரத்து ஸ்டார், குவெர்னிகா நகரத்து அஸ்திரா ஆகிய கம்பெனிகளின் பிஸ்டல்கள் நல்ல எஃகும் ஒழுங்கான வேலைப்பாடும் உடையவை, பெயர்தான் பெரிதில்லை. 1997இல் அவ்விரு கம்பெனிகளும் மூடப்பட்டன. இனி ஒன்று புதிதாய் வராது என்ற நிலை வந்ததும் பார்வை மாறியது. குறைவிலையில் வாங்கி நிறைபயன் பெறலாம் என்று சொல்லப்படும் பழைய கைத்துப்பாக்கிகளில் ஸ்டாரை அறிந்தோர் முன்வரிசையில் வைக்கின்றனர். ஆனால் உறுப்பு உடைந்தால் மாற்றுறுப்புக்குத் திண்டாட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ரஷ்ய நாகான் ரிவால்வர் மற்றோர் எடுத்துக்காட்டு. 1895ஆம் ஆண்டின் அமைப்பு. ஏழு தோட்டா கொள்வது. விசையை இழுக்கும்போது உருளையே முன்னோக்கி நகர்ந்து குழலின் வாயை அடைத்துப் புகை கசியாமல் காப்பது. சோவியத் நாடு சிதைந்தபின் கிடங்குகளிலிருந்து பெட்டி பெட்டியாய் அமெரிக்கச் சந்தைக்கு வந்து, நூறு டாலருக்கும் குறைவாய் விற்றது. ‘இழுக்க வலிமை போதாத விசை, விளையாட்டுப் பொருள்’ என்று நகைத்தனர். கிடங்கு காலியாயிற்று, வரவு நின்றது, விலை பலமடங்கு ஏறியது. நகைத்தவர்களே இப்போது தேடுகிறார்களாம்.

அமெரிக்க நாட்டில் இதற்கெனச் சட்ட விளக்கமும் இருக்கிறது. செய்து 50 ஆண்டு கடந்த துப்பாக்கி ‘அரும்பொருள், நினைவுப்பொருள்’ என்ற வகைக்குள் அடங்கும். அருமையாலோ வரலாற்றுத் தொடர்பாலோ மதிப்புப் பெற்றதும், அரும்பொருளகக் காப்பாளர் சான்றளித்ததும் அவ்வகையே. 1898க்கு முன்னோ அவ்வாண்டிலோ செய்தது பழம்பொருள்.

இந்தியாவின் கதை முற்றிலும் வேறு. அங்கே ஒரு கைத்துப்பாக்கியின் விலையைப் பெரிதும் முடிவு செய்வது சட்டமே. .38 ரிவால்வரும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலும் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவுகள். உரிமம் பெற்றவர்க்குக் கிடைப்பதில் முதன்மையானது.32. அயல்நாட்டிலிருந்து தனியார் வரவழைப்பது 1980களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வந்து சேர்ந்த .32 வெப்லியும் பிறவும் கைமாறிக் கைமாறிப் பல இலட்சம் ரூபாய்க்கு விற்கின்றன. வலுக்குறைந்தது என்று அமெரிக்கர் அதே .32ஐப் பொருட்படுத்துவதில்லை. பொருள் ஒன்று, கடலுக்கு இப்பால் அரிது, அப்பால் எளிது.

உள்நாட்டில் கான்பூர்ச் சிறு ஆயுதத் தொழிற்சாலை வெப்லியைப் பின்பற்றி .32 ரிவால்வர் செய்துவருகிறது. (தமிழ்நாட்டில் 1966இல் அமைந்த திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை பெரும்பாலும் நீள்துப்பாக்கிக்குரியது.) 2014இல் டெல்லி மாணவியின் நினைவாக ‘நிர்பீக்’ என்ற பெயரில், பெண்டிர்க்கென இலகுவான ரிவால்வர் ஒன்றும் வெளிவந்தது. எடை ஏறத்தாழ 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். பாதுகாப்பு வேண்டும் ஏழைப் பெண் இவ்விலையை எங்கே கொடுப்பாள் என்று அப்போதே பலர் கேட்டனர், நானும் அக்கட்சியே. ஆயினும் சேகரிப்பாளர் நோக்கில் இவற்றிற்கு எதிர்காலம் உண்டு. இத்தொழிற்சாலைகளை நடத்திய வாரியம் 2021 அக்டோபர் 1ஆம் நாள் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாயிற்று. அவ்வாரியக் காலத்து உருப்படிகள் இனி பெருகா. 2020இல் வெப்லி அண்டு ஸ்காட் என்ற பழைய பெயரே உத்தரப் பிரதேசத்துச் சந்திலாவுக்கு வந்து .32 ரிவால்வர் செய்யத் தொடங்கியது. பர்மிங்ஹாமில் பிறந்த பெயர் ஹர்தோய் மாவட்டத்தில் குடியேறியதை அன்று வழக்காடியவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

இதுவரை சொன்னவற்றில் முதன்மையான ஒன்று எஞ்சியிருக்கிறது. அருமையும் நல்ல நிலையும் ஒரு துப்பாக்கியைச் சேகரிப்புப் பொருளாக்கும். வரலாற்றுப் பொருளாக்குவது அதன் எண்ணும் அவ்வெண்ணைக் குறித்த தாளுமே. 1914 ஜூன் 28ஆம் நாள் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட பிஸ்டல் பெல்ஜியத்தின் எப்.என். தொழிற்சாலையில் செய்த 1910 வகை. 1983 வரை செய்யப்பட்ட சாதாரணப் பொருள். ஆனால் வழக்கு ஏட்டில் அதன் எண் 19074 என்று எழுதப்பட்டிருந்தது. இளவரசருக்கு இறுதிச் சடங்கு செய்த ஏசு சபைப் பாதிரியார் அதைப் பெற்று வைத்திருந்தார். எண்பதாண்டுக்கு மேல் சபையாரின் பொருள்களோடு கிடந்து, 2004இல் வியன்னா படை அரும்பொருளகத்தை அடைந்தது. எண்ணும் ஏடும் ஒத்திருந்தமையால் ஐயத்திற்கு இடமில்லாமற் போயிற்று.

பகத்சிங்கின் கைத்துப்பாக்கி இன்னும் நெருக்கமான சான்று. அது அமெரிக்கக் கோல்ட் கம்பெனியின் .32 பிஸ்டல், ஐந்தரை இலட்சத்திற்கு மேல் விற்ற, சட்டைப்பைக்கு அடங்கும் மலிவான வகை. 1928 டிசம்பரில் லாகூரில் சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கில் அது சான்றுப்பொருள். பின்னர்ப் பஞ்சாபிலிருந்து இந்தூருக்கு, எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கு மற்றத் துப்பாக்கிகளோடு சென்று, எவரும் அறியாமல் காட்சியில் இருந்தது. துருப்பிடிக்காதிருக்கப் பூசிய கறுப்பு வண்ணம் எண்ணை மறைத்துவிட்டது. 2016இல் ஆராய்ந்தவர்கள் வழக்கு ஏட்டிலிருந்து 168896 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு தேட, வண்ணத்தைச் சுரண்டியபோது அதே எண் வெளிப்பட்டது. இன்று ஹுசைனிவாலாவில் மக்கள் வரிசையில் நின்று பார்க்கின்றனர். வண்ணத்தைச் சுரண்டுவதற்கு முந்திய நாளும் அதே இரும்புதான் அங்கே இருந்தது.

நம் மாணவர் அறிந்த மணியாச்சி நிகழ்ச்சியிலும், 1911 ஜூன் 17ஆம் நாள் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அதுவும் இலட்சக்கணக்கில் விற்ற கடைச் சரக்கே.

நிற்க. இவற்றைப் படித்துவிட்டு ‘நாமும் ஒன்று வாங்கிச் சேர்த்தால் என்ன’ என்று எவரேனும் எண்ணினால், மலேசியாவில் அவ்வெண்ணத்தை உடனே விட்டுவிடுவது நலம். இங்கே 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதன்மேல் 1971ஆம் ஆண்டின் துப்பாக்கித் தண்டனை மிகுப்புச் சட்டம் இருக்கிறது. உரிமமின்றி ஒரு துப்பாக்கி வைத்திருந்தால் பின்னதன்படி 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் வணிகம் செய்பவன் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். அதற்கு மரண தண்டனை வரை உண்டு. கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டதேயன்றி மரண தண்டனையே நீங்கிவிடவில்லை. பழைய தோட்ட வீட்டின் பரணிலோ பால்மரக் காட்டிலோ துருப்பிடித்த ஒன்று கண்ணில் பட்டால் கையால் தொடாமல் போலீசுக்குச் சொல்வதே முறை. அமெரிக்கன் தூசு தட்டி அலமாரியில் வைப்பான், நாம் வைக்கலாகாது.

இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கைத்துப்பாக்கியே விடை. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அவசரகால ஒழுங்குவிதிகளின்படி அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதே தூக்குக்குரிய குற்றம். சுட்டிருக்க வேண்டியதில்லை, குறிபார்த்திருக்கவும் வேண்டியதில்லை. எஸ். ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர். அச்சம்மேளனம் 1948இல் தடைக்குள்ளாயிற்று. 1949 மார்ச்சில் ராவாங் வட்டாரத்தில் ஒரு கைத்துப்பாக்கியுடனும் ஆறு தோட்டாவுடனும் அவர் பிடிபட்டார். அதைப் போலீசிடம் ஒப்படைக்கக் கொண்டுபோனதாக அவர் கூறினார் என்பர். வழக்கு அம்மாதத்திலேயே முடிந்தது. இந்திய அரசாங்கம் கருணை காட்டுமாறு வேண்டிக்கொண்டது, பயனில்லை. மே மாதம் 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

‘என்ன விலை’ என்று அம்மாணவன் கேட்டபோது நான் மழுப்பியதற்குக் காரணம் இதுதான். அந்நாளில் போலீசாரின் இடையிலும் தோட்டத் துரைமார் இடையிலும் தொங்கிய ரிவால்வர்களுக்கும், ராவாங்கில் பிடிபட்ட அந்த ஒன்றுக்கும் கடைவிலையில் பெரிய வேறுபாடு இருந்திருக்க முடியாது. முன்னவற்றுள் ஏதேனும் இன்று ஏலத்திற்கு வந்தால் நிலை, முத்திரை, எண் பார்த்து விலை சொல்வார்கள். பின்னதற்குக் கொடுத்த விலையை ஏலக் குறிப்பில் எழுத இடமில்லை.

தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களானபோது, அலுவலகங்களில் இருந்த பெயர்ப்பட்டிகளும் சம்பள ஏடுகளும் பள்ளி நாட்குறிப்புகளும் கட்டுக்கட்டாய்ப் பழைய தாள் வியாபாரிக்குப் போனதை என் தலைமுறை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். ஒரு தோட்டத்தில் நானே இரண்டு கட்டுகளை மீட்டேன்; மீதியை மீட்க வண்டி இல்லை. அவசரகாலத்தில் அத்தோட்டத்தில் யார் யார் சிறப்புக் காவலர்களாய்ச் சேர்ந்தனர், யாரிடம் எந்த எண்ணுள்ள துப்பாக்கி ஒப்படைக்கப்பட்டது என்பதெல்லாம் அத்தகைய தாள்களில்தான் இருக்கும். 168896 என்ற எண் வழக்கு ஏட்டில் இல்லாதிருந்தால் இந்தூரில் இருந்தது ஒரு பழைய கோல்ட், அவ்வளவே.

புடு சிறை 1895இல் திறக்கப்பட்டு 1996இல் மூடப்பட்டது. 2010 முதல் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் பெரிய அங்காடி மாளிகை எழுந்துள்ளது. பழைய வாயில் மட்டும் நிற்கிறது. அம்பாங்கிலிருந்து புறப்படும் இலகு ரயில் அதன் அருகேயுள்ள ஹங் துவா நிலையத்தில் நின்று செல்லும். ஆறாம் வகுப்பு மாணவர்களை அடுத்த முறை அழைத்துச் செல்லும்போது அங்கே இறங்கி, அவ்வாயிலையும் காட்டிவிட்டுப் பிறகு அரும்பொருளகத்திற்குப் போகலாம் என்றிருக்கிறேன்.